சாவியின் ஸ்தானம்

பாகங்கள் மாறிய பிறகும் ஒரு பொருள் அதுவாகவே இருக்கிறதா என்ற கேள்வி பழையது. தீஸியஸின் கப்பலில் உளுத்த பலகைகளை எடுத்துவிட்டுப் புதுப் பலகைகளை வைத்துக்கொண்டே போனால் எந்தக் கட்டத்தில் அது தீஸியஸின் கப்பலாக இல்லாமல் போகிறது என்று ஏதென்ஸின் தத்துவவாதிகள் வாதாடியதை ப்ளூடார்க் சொல்கிறார். நாகசேனர் மிலிந்த மன்னனிடம், அச்சுதான் ரதமா, சக்கரம்தான் ரதமா, நுகத்தடிதான் ரதமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ரதம் என்பது வழக்கில் உள்ள ஒரு பெயரே என்று ஒப்புக்கொள்ள வைக்கிறார். ஒரு கதை மாற்றீட்டைப் பற்றியது, மற்றது கூட்டைப் பற்றியது. ஒரு பாகத்தை அகற்றாமலும் புதிதாக எதையும் சேர்க்காமலும், இருப்பதை வேறிடத்தில் வைத்தால் என்ன ஆகிறது என்று இரண்டு கதைகளிலும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விசாரம் வேறு பக்கம் திரும்பியிருக்கும். சாரதியின் இருக்கையை வலமிருந்து இடத்துக்கு மாற்றினால் ரதத்துக்கு ஒன்றும் நேர்ந்துவிடுவதில்லை. நேர்வது சாரதிக்கு.

இடமாற்றம் என்கிற இந்த விஷயத்தை ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் இக்னிஷன் ஸ்விட்ச்சை வைத்து யோசித்துப் பார்க்க விரும்புகிறேன். உதாரணம் அற்பமானதுதான். ஆனால் மரபு, தூய்மை, மூலம் போன்ற பெரிய வார்த்தைகள் ஒளிந்துகொள்ள இவ்வளவு சிறிய பொருளில் இடம் கிடைக்காது என்பது ஒரு சௌகரியம்.

புல்லட்டை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரின் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1955இல் சென்னையில் எண்ஃபீல்ட் இந்தியா ஆரம்பிக்கப்பட்டது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு திருவொற்றியூரில் முழு வண்டியையும் செய்தார்கள். 1970 வாக்கில் தாய்க் கம்பெனி இல்லாமல் போயிற்று. மூலம் மறைந்து பிரதி தங்கிவிட்டது. எனவே 'ஒரிஜினல்' என்ற சொல்லை இந்த வண்டியின்மேல் ஒட்டும்போதே சற்றுத் தயங்க வேண்டியிருக்கிறது.

இதில் சாவி ஸ்விட்ச்சின் வேலை எளியது. பாட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் அம்மீட்டரைக் கடந்து ஸ்விட்ச்சுக்கு வருகிறது. அங்கிருந்து காயிலுக்கு, காயிலிலிருந்து பாயிண்ட்டுக்கு. பாயிண்ட் மூடியிருக்கும் வரை காயில் காந்தமாகிறது. திறக்கிற கணத்தில் அந்தக் காந்தம் சரிந்து பிளக்கில் பொறி விழுகிறது. புல்லட் ஓட்டியவர்களுக்கு இது உடம்பால் தெரியும். சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டு போனால், டிஸ்சார்ஜ் பக்கம் சாய்ந்திருந்த அம்மீட்டர் முள் ஓரிடத்தில் நடுவுக்குத் திரும்பும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துப் பிஸ்டனை ஒரு துளி தாண்டவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை. முள்ளைப் பார்க்காமல் உதைக்கிறவனை வண்டி திருப்பி உதைக்கும். இவ்விதத்தில் சாவி, முள், கால் மூன்றும் ஒரே வாக்கியத்தின் சொற்களாக இருக்கின்றன.

ஸ்விட்ச்சுக்குள் இருப்பது சில பித்தளைத் துண்டுகளும் ஒரு ஸ்பிரிங்கும். தூசு, மழைத்தண்ணீர், காய்ந்து பிசினாகிப்போன கிரீஸ் எல்லாம் சேர்ந்து பித்தளையைக் கறுக்க வைக்கின்றன. 6 வோல்ட் வண்டியில் காயிலின் தடை 1.5 ஓம் என்று வைத்துக்கொண்டால் 4 ஆம்பியர் ஓட வேண்டும். கறுத்த பித்தளை அரை ஓம் தடையைக் கூடுதலாகச் சேர்த்தால் ஓடுவது 3 ஆம்பியர். காயிலில் சேரும் சக்தி ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 16இல் 9 பங்குதான் பொறிக்கு மிஞ்சுகிறது. வண்டி கிளம்பாததற்குக் காரணம் தேடி பாயிண்ட்டை மாற்றுவார்கள், கார்புரேட்டரைக் கழுவுவார்கள், புதுப் பிளக் போடுவார்கள். சாவி திருப்பப்பட்டு, பாயிண்ட் மூடியிருக்கையில், ஸ்விட்ச்சின் இரண்டு முனைகளிலும் வோல்ட்மீட்டரை வைத்துப் பார்த்தால் ஒன்றரை வோல்ட் அங்கேயே தொலைந்துகொண்டிருப்பது தெரிந்துவிடும். அனுமதி கொடுக்க வேண்டிய இடமே பாதியை எடுத்துக்கொள்கிறது என்று யாருக்கும் எளிதில் தோன்றுவதில்லை. சாவியைத் திருப்பினோம் அல்லவா, வேலை முடிந்தது என்று நம்புகிறோம்.

இதோடு இன்னொரு கோளாறு. ஸ்விட்ச் ஹெட்லைட் டூமின்மேல் இருந்தால் அதற்குப் போகும் ஒயர்கள் வண்டியின் கழுத்தைக் கடந்தாக வேண்டும். ஹேண்டில்பாரைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் அவை வளைகின்றன. வருஷக்கணக்கில் வளைந்த செம்பு உள்ளுக்குள் ஒவ்வொரு இழையாக அறுகிறது, மேலே ரப்பர் மட்டும் முழுசாகத் தெரிகிறது. இடதுபுறம் திருப்பினால் எஞ்சின் நின்றுவிடும், வலதுபுறம் திருப்பினால் ஓடும். ஸ்விட்ச்சைக் கழுத்துக்குப் பின்னால், அசையாத சட்டத்தில் வைத்துவிட்டால் இந்த நோய் இல்லை. இடமாற்றத்துக்கு யந்திர ரீதியான நியாயம் இவ்வளவுதான், இது போதுமானதும்கூட.

நான் சொல்ல வந்த வண்டி என் சித்தப்பாவுடையது. மோகனூர்ப் பக்கம். 1970களில் வாங்கியது. டூமின் வலது ஓரத்தில் அம்மீட்டருக்குப் பக்கத்தில் சாவித்துளை. அதில் இருப்பது மூன்றாவது ஸ்விட்ச். சித்தப்பாவுக்கு வயது எழுபத்தாறு. வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை உள்ளங்கையால் முறுக்கிவிடுகிறார். சாவியைக் கிள்ளிப் பிடித்துத் திருப்ப மட்டும் முடியவில்லை. இடது கைக்கு எட்டுகிற இடத்தில், கழுத்துக்குப் பின்னால், டாங்க்கின் கீழ் முன்பக்கத்தில் ஸ்விட்ச்சை வைத்துத் தரச் சொன்னார். ஒயரிங் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

முதல் ஆட்சேபம் பழைய வண்டிகளை வாங்கி விற்கிற ஒருவரிடமிருந்து வந்தது. சாவி இடம் மாறினால் விலை போய்விடும் என்றார். விலையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அவருடைய வாதத்துக்குக் கௌரவமான பூர்வீகம் உண்டு. பழைய கட்டிடத்தைப் புதுப்பிப்பதாகச் சொல்வது பொய், பேணுவதோடு நிறுத்திக்கொள், இற்றுப்போனால் போக விடு என்பது 1849இல் ரஸ்கின் எடுத்த நிலை. செய்தவனின் கை ஒருமுறைதான் படுகிறது. நமக்கு அதன்மேல் உரிமையில்லை. எதிர்த்தரப்பில் பிரான்சின் வியொலெ-ல-துக், ஒரு கட்டிடம் எந்தக் காலத்திலும் அடைந்திராத முழுமையைக்கூட நாம் அதற்குத் தரலாம் என்றார். இன்றைய வண்டிப் பிரியர்கள் வாயில் ரஸ்கினையும் கையில் வியொலெ-ல-துக்கையும் வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபோதுகூட இல்லாத பளபளப்பைக் குரோமியத்தில் ஏற்றிவிட்டு அதற்கு ஒரிஜினல் என்று பெயரிடுகிறார்கள்.

சட்டம் இவர்களைவிட நிதானமாக இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2021இல் வந்த விதி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டி, மூல வடிவில் பேணப்பட்ட வண்டியைப் பழம்பெரும் வண்டி என்று ஏற்கிறது. சட்டகம், மேற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது. சாவி எங்கே இருக்கிறது என்பதைப் பற்றிப் பேச்சில்லை. சட்டத்துக்கு அடையாளம் வேண்டும். சாவி அடையாளத்தைச் சேர்ந்தது இல்லை, பழக்கத்தைச் சேர்ந்தது. பழக்கத்தின்மேல் கை வைப்பது அடையாளத்தின்மேல் வைப்பதைவிட லேசான காரியம் என்று சொல்லிவிட முடியாது. புல்லட்டின் கியர் பல பத்தாண்டுகள் வலது காலில் இருந்தது. அமெரிக்காவில் 1970களின் நடுவில் வந்த விதி எல்லா மோட்டார் சைக்கிளிலும் கியர் இடது பக்கம் இருக்க வேண்டும் என்றது, உலகமே மெல்ல அப்படி மாறியது, கடைசியில் புல்லட்டும். பெயர் மாறவில்லை, ஆனால் வலது காலில் சேர்ந்திருந்த ஒரு ஞானம் செல்லாக்காசாயிற்று. பழக்கம் அறிவிலும் இல்லை, வெறும் தசையிலும் இல்லை, உடம்பு தன் உலகத்தை நீட்டிக்கொள்ளும் விதம் அது என்று மெர்லோ-போந்தி 1945இல் எழுதியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அவருடைய உதாரணத்தில் ஆர்கன் வாசிப்பவர் பழகாத வாத்தியத்தின்முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதைத் தன் உடம்பாக்கிக்கொண்டுவிடுகிறார். சித்தப்பாவின் விரலுக்கு அந்த அவகாசம் இல்லை. வாத்தியம்தான் அவரிடம் வர வேண்டும்.

இரண்டாவது குரல் சேலத்தில் ஒரு பட்டறைக்காரருடையது. "சாவி எங்க இருந்தா என்னங்க? பத்த வெக்கறதுக்கு ஒரு எடம் வேணும், அவ்வளவுதானுங்க" என்றார். இந்தச் சமவெளியின் குரல் இது. நாமக்கல்லில் வெறும் சேஸிஸாக வருகிற லாரிக்கு மரத்தாலும் தகட்டாலும் உடம்பு கட்டி அனுப்புகிறார்கள். திருச்செங்கோட்டில் லாரியின் முதுகில் துளைபோடும் யந்திரத்தை ஏற்றி இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போட ஓட்டிச் செல்கிறார்கள். செய்தவன் என்ன நினைத்தான் என்று யாரும் கேட்பதில்லை. 1974இல் வந்த ராபர்ட் பிர்ஸிக்கின் நாவலில், நண்பனின் பி.எம்.டபிள்யூவில் ஹேண்டில்பார் வழுக்குகிறது. பீர் டப்பாவின் அலுமினியத் தகட்டை வெட்டி இடுக்கில் செருகினால் போதும் என்கிறான் கதைசொல்லி. நண்பன் அவமானப்படுத்தப்பட்டவனைப்போல் ஆகிவிடுகிறான். அந்தக் காட்சி நாமக்கல்லில் நடக்க வழியில்லை. இங்கே டப்பாவைத் தேடி நண்பனே ஓடியிருப்பான்.

இந்த அச்சமின்மை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் இதை முழுசாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. அச்சமின்மைக்குள் அசிரத்தையும் கலந்திருக்கிறது. அவரிடம் விட்டிருந்தால் டூமில் ஓட்டை, டாங்க்கின் ஸ்டேயில் ஓட்டை, எந்த ஒயர் எங்கே போகிறது என்று அடுத்தவன் கண்டுபிடிக்க முடியாதபடி எல்லாவற்றுக்கும் சிவப்பு ஒயர். வண்டி கிளம்பும், சந்தேகமில்லை. வண்டியை நாளைக்குத் தொடப்போகிறவனைப் பற்றிய நினைவு அதில் இல்லை. ரஸ்கின் கட்சிக்காரன் இறந்தகாலத்துக்கு மட்டும் கடன்பட்டிருக்கிறான், பட்டறைக்காரர் இன்றைக்கு மட்டும்.

நாமக்கல் மலையில் 8ஆம் நூற்றாண்டில் அதியர் மரபினர் குடைந்த இரண்டு குடைவரைகள் இருக்கின்றன. ஒன்றில் நரசிம்மர், மற்றதில் அரங்கநாதர். பாறையைக் கழித்துக் கழித்து உண்டாக்கப்பட்டவை. அவற்றில் மூட்டு கிடையாது. எதையும் கழற்ற முடியாது, நகர்த்த முடியாது. நகர்த்துவது என்றால் உடைப்பதுதான். அதே மலைக்குக் கீழே பட்டறைகளில் எல்லாமே மூட்டுகள்தான். ஒரு போல்ட் என்பது, இதைக் கழற்றலாம் என்று செய்தவன் பின்னால் வருகிறவனுக்குக் கொடுத்த வாக்கு. குடைவரையிடம் காட்ட வேண்டிய விசுவாசத்தை யந்திரத்திடம் காட்டுவது அதன் ஸ்வபாவத்தையே மறுப்பது. யந்திரத்துக்குரிய விசுவாசம் வேறு: நானும் அந்த வாக்கை மீறாமல் அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

ஆகவே எதையும் துளைக்கவில்லை. டாங்க்கின் முன் போல்ட்டிலேயே ஒரு சிறு பட்டையைச் சேர்த்து முடுக்கி அதில் ஸ்விட்ச்சை வைத்தேன். பாட்டரியிலிருந்து வரும் ஒயரில் ஃபியூஸ். காயிலின் கனத்த மின்சாரத்தை ஒரு ரிலே சுமக்கிறது. சாவியின் வழியே போவது உத்தரவு மட்டும், ஆகவே பித்தளை கறுக்க இன்னும் பல காலம் ஆகும். ஒயர்களின் நிறங்களைப் பழைய ஒயரிங்கின்படியே வைத்தேன். பழங்கட்டிடத்தில் சேர்க்கப்படும் எதுவும் தன் காலத்தின் முத்திரையோடு தனித்துத் தெரிய வேண்டும் என்று 1964இன் வெனிஸ் சாசனம் சொல்கிறது. பட்டைக்குப் பழசுபோலத் தோன்றும் பெயிண்ட் அடிக்காமல் விட்டதற்கு அதுதான் காரணம்.

டூமில் பழைய சாவித்துளை மிச்சமிருந்தது. அதை என்ன செய்வது என்பது எதிர்பாராமல் பெரிய பிரச்னையாயிற்று. பழைய ஸ்விட்ச்சை ஒயரில்லாமல் அங்கேயே விட்டுவிடலாம், பார்க்க லட்சணமாக இருக்கும் என்றார்கள். எனக்கு ஒப்பவில்லை. திருப்பினால் திரும்பும், ஒன்றும் நடக்காது. தன் வேலையை இழந்த பிறகும் தன் தோற்றத்தை வைத்துக்கொண்டிருக்கும் உறுப்பு அது. கவிதையில் இது நமக்கு நன்றாகத் தெரிந்த வஸ்து. உணர்வு வேறெங்கோ நகர்ந்துவிட்ட பிறகு எதுகையை மட்டும் பழைய இடத்தில் குத்திவைத்திருக்கும் செய்யுள். அதேபோல, எதுவும் உடையாத இடத்தில் வரியை மட்டும் உடைத்துப்போடும் புதுக்கவிதை. இரண்டும் ஒயரில்லாத ஸ்விட்ச்சுகள். சேலத்திலிருந்து 1968இல் வரத் தொடங்கிய 'நடை' புதுக்கவிதைக்காரர்களின் பத்திரிகை. அதில்தான் யாப்பைப் பற்றியும் ஊன்றி எழுதப்பட்டது. இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குப் படவில்லை. எந்த ஒயர் எங்கே போகிறது என்று அறிந்தவனுக்கே நகர்த்துகிற உரிமை. அறியாதவன் நகர்த்துவதில்லை, அறுக்கிறான். சாவித்துளையை ஒரு சாதாரணக் கறுப்பு ரப்பர் மூடியால் மூடினேன். இங்கே ஒன்று இருந்தது, இப்போது இல்லை என்று அது சொல்கிறது. வேறெதையும் சொல்லவில்லை.

இதுவரை சொன்னது பொருளிடம் காட்ட வேண்டிய நேர்மை. மனிதரிடம் காட்ட வேண்டியது இதைவிடக் கடினமாக வந்து நின்றது. சித்தப்பா மகன், எனக்குத் தம்பி, தனியாக வந்து, "அண்ணா, ஸ்விட்ச்சத்தான் எடம் மாத்தறீங்களே, கூடவே சீட்டுக்கடியில ஒரு கட்-ஆஃப் வெச்சுருங்க. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றான். அவன் கவலை பொய்யானது இல்லை. அப்பாவின் காது மந்தமாகிவிட்டது. சேலம் – நாமக்கல் சாலையில் இரவும் பகலும் டாங்கர் லாரிகள். விழுந்தால் அவர் மட்டும் விழ மாட்டார். எதிரில் வருகிறவன் ஒருவன் இருக்கிறான், அவனுக்கும் வீடு உண்டு.

ஒரே ஸ்விட்ச். தகப்பன் தன் கைக்கு எட்டும்படி நகர்த்தச் சொல்கிறார். மகன் அவர் கைக்கு எட்டாதபடி நகர்த்தச் சொல்கிறான். இடமாற்றம் என்பது நடுநிலையான தொழில்நுட்பம் இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெளிவாயிற்று. சாவி இருக்கிற இடம் யாருக்கு அனுமதி உண்டு என்ற தீர்ப்பு.

அவர் நன்மைக்காக அவரைத் தடுப்பது சரியா என்பது ஒரு கேள்வி. அதற்கு நியாயமான பதில்கள் இரு பக்கமும் உண்டு. அவருக்குத் தெரியாமல் தடுப்பது சரியா என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியின் நியாயத்தை இரண்டாவதற்கு நீட்டித்துக்கொள்கிறோம், அங்கேதான் தவறு நுழைகிறது. ரகசிய ஸ்விட்ச் வைத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அவர் உதைப்பார். மறுபடி உதைப்பார். வண்டி கிளம்பாது. காலில் பலம் போய்விட்டது என்று நினைப்பார், அல்லது ஐம்பது வருஷ வண்டி செத்துவிட்டது என்று நினைப்பார். இரண்டுமே பொய், இரண்டையும் அவருக்குச் சொல்வது அவர் மிகவும் நம்பும் ஒரு பொருள். சாவியை நேராகப் பிடுங்கிக்கொண்டால் அவர் கோபப்படலாம், சண்டை போடலாம், நாலு பேரிடம் முறையிடலாம். எதிர்க்க ஓர் எதிரி இருப்பதே ஒரு மரியாதை. ரகசிய ஸ்விட்ச் அந்த எதிரியை இல்லாமல் செய்துவிட்டு, அவரைத் தன் உடம்போடு சண்டை போட வைக்கிறது.

அதோடு அவரை ஏமாற்றவும் முடியாது. ஸ்விட்ச்சுக்கு வரும் ஒயரை அறுத்தால் அம்மீட்டர் முள் அசையாது. பாயிண்ட்டைச் சட்டத்தோடு சேர்த்துவிட்டால் முள் டிஸ்சார்ஜில் விழுந்து எழாமல் கிடக்கும். முள்ளைப் படிக்கத் தெரிந்தவருக்கு எங்கேயோ ஒரு கை நுழைந்திருக்கிறது என்று இரண்டே உதையில் தெரிந்துவிடும். ஆனால் இந்தக் காரணத்தைத் தம்பியிடம் நான் சொல்லவில்லை. கண்டுபிடித்துவிடுவார் என்பதற்காகப் பொய்யைத் தவிர்ப்பது ஒழுக்கத்தைச் சேர்ந்ததாகாது. கண்டுபிடிக்கவே முடியாத கட்-ஆஃப் ஒன்று இருந்தாலும் வைத்திருக்க மாட்டேன் என்று அவனிடம் சொன்னேன். அப்பாவிடம் நீயே பேசு, நானும் கூட இருக்கிறேன் என்றேன்.

பேசினோம். சித்தப்பா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நான் ஓட்டக்கூடாதுன்னா ஓட்டக்கூடாதுன்னு சொல்லுங்க கண்ணு. வண்டிய எதுக்குக் கெடுக்கறீங்க?" என்றார். பெரிய சாலையில் ஏறுவதில்லை, இருட்டிய பிறகு எடுப்பதில்லை என்று அவராகவே சொன்னார். தம்பி அரைமனதோடு ஒப்புக்கொண்டான். அவனிடம் இரண்டாவது சாவி இருக்கிறது. அது அவனிடம் இருப்பது அவருக்குத் தெரியும்.

இது சரியான முடிவா? இன்றுவரை ஒன்றும் நேரவில்லை. நேராமல் இருப்பதை நிரூபணமாகக் காட்ட நான் தயாரில்லை. நாளைக்கு ஏதாவது நேர்ந்தால் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளவும் முடியுமா என்று தெரியவில்லை. எதிரில் வருகிறவனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்ற உறுத்தல் இருக்கிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இருப்பதாகக் காட்டிக்கொள்வதும் ஒருவகை ஒயரில்லாத ஸ்விட்ச்தான். நான் நிச்சயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: ஒரு பொருளை நகர்த்தலாம், ஒரு மனிதரின் உரிமையைக் குறைக்கவும் நேரலாம். எங்கிருந்து எடுத்தோம், எங்கே வைத்தோம் என்பதை அதைத் தொடப்போகிறவர் பார்க்கும்படி செய்ய வேண்டும்.